மின்னொளி கபடிப் போட்டியைப் படமெடுக்கப் போகிறீர்களா? நாய்ஸ் அடிக்காமல் எடுக்க இதைப் படித்துவிட்டுப் போங்கள்

போன பொங்கலுக்கு, திருநெல்வேலிப் பக்கம் ஓர் ஊரில், சித்தி மகன் ஆடிய மின்னொளி கபடிப் போட்டிக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனேன். கேமரா வாங்கியபோது ஒருவர் சொன்ன அறிவுரை மண்டையில் ஆணி அடித்த மாதிரி இருந்தது: "ஐஎஸ்ஓ 1600-ஐத் தாண்டாதே, படம் மண்ணாகிவிடும்." தாண்டவில்லை. கேமராவோடு வந்த 18-55 லென்ஸ், துவாரம் எஃப் 5.6, ஷட்டர் 1/500 நொடி, கேமராவே சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் கோப்பு. கேமராத் திரையில் படங்கள் கொஞ்சம் இருட்டாகத்தான் தெரிந்தன, வீட்டுக்குப் போய் ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வீட்டில் ஏற்றிப் பார்த்தால், தம்பியின் தலைமுடி முழுக்கப் பச்சையும் ஊதாவுமாகப் பொட்டுகள், கறுப்பு ஜெர்சியில் குறுக்கே கோடுகள், கன்னம் உப்புத்தாள் மாதிரி. இந்தப் பொட்டும் பொரியும்தான் நாய்ஸ். எழுநூற்றுச் சொச்சம் படத்தில் கொடுக்கிற மாதிரி தேறியது நான்கு.

அதற்கப்புறம் பதினோரு போட்டிகள் எடுத்துவிட்டேன். கேமரா அதேதான். மாறியதை எல்லாம் வரிசையாக எழுதுகிறேன். கபடியை வைத்துச் சொன்னாலும் ராத்திரி வாலிபால், உள்ளரங்க பேட்மிண்டன் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

1. முதலில் ஒரு தப்பெண்ணத்தைக் கழற்றி வையுங்கள்

ஐஎஸ்ஓ நாய்ஸை உண்டாக்குவதில்லை. வெளிச்சம் போதாமல் போவதுதான் உண்டாக்குகிறது. சென்சாருக்குள் எவ்வளவு வெளிச்சம் போகிறது என்பதை முடிவு செய்வது மூன்றே விஷயம்: மைதானத்து விளக்கு, லென்ஸின் துவாரம், ஷட்டர் திறந்திருக்கும் நேரம். ஐஎஸ்ஓ என்பது உள்ளே வந்ததைப் பெருக்கிக் காட்டுகிற குமிழ், அவ்வளவுதான். வானொலியில் நிலையம் சரியாகக் கிடைக்காதபோது சத்தத்தைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து கூடுமே, அது மாதிரி. இரைச்சலுக்குக் காரணம் குமிழ் இல்லை.

நம்பாவிட்டால் இன்று ராத்திரியே வீட்டில் செய்து பாருங்கள். கூடத்தில் ஒரு விளக்கை மட்டும் எரியவிட்டு, ஷட்டரையும் துவாரத்தையும் மாற்றாமல், ஒரு படம் ஐஎஸ்ஓ 1600-இல், இன்னொரு படம் 6400-இல். கணினியில் 1600 படத்தை இரண்டு ஸ்டாப் (அதாவது நான்கு மடங்கு வெளிச்சம்) ஏற்றி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். பழைய கேமரா என்றால் ஏற்றிய படம் 6400-ஐவிட மோசமாகவே இருக்கும். புதிய சென்சார்கள் சிலவற்றில் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். ஆனால் 1600-இல் எடுத்ததால் லாபம் என்று எதுவும் வராது. ஜேபெக்கில் எடுத்து ஏற்றினீர்கள் என்றால் கதை இன்னும் கேவலம். எனக்கு நடந்தது அதுதான்.

2. லென்ஸ்: செலவு செய்ய வேண்டிய ஒரே இடம்

எஃப் எண் குறையக் குறையத் துவாரம் பெரிதாகும். எஃப் 5.6-இலிருந்து எஃப் 1.8-க்குப் போனால் சுமார் பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். பத்து மடங்கு. எந்த மென்பொருளும் இதைக் கொடுக்காது. அதனால் கேமராவை மாற்றலாமா என்று யோசிக்கிறவர்கள் அந்தக் காசை லென்ஸில் போடுங்கள்.

கபடிக்கு 50 எம்எம் எஃப் 1.8 போதும். ஆண்கள் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், நடுக்கோட்டிலிருந்து கடைசிக் கோட்டுக்கு ஆறரை மீட்டர்தான். கடைசிக் கோட்டுப் பக்கம் உட்கார்ந்தால் பாடி வருகிறவர் (ரெய்டர்) உங்களிடமிருந்து நாலைந்து மீட்டரில் இருப்பார், ஜூமுக்கு வேலையே இல்லை. கேனானின் 50 எஸ்டிஎம் புதிதாகவே பத்தாயிரம் ரூபாய் சுமாருக்குக் கிடைக்கும். நிக்கான் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது: விலை குறைவாக இருக்கிறதே என்று 50 எஃப் 1.8 டி லென்ஸை வாங்கிவிடாதீர்கள். டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் போகஸ் மோட்டார் கிடையாது, அந்த லென்ஸ் அவற்றில் தானாகப் போகஸ் செய்யாது. கையால் திருகிக் கபடி எடுக்க முடியாது. ஏஎஃப்-எஸ் என்று போட்டிருக்கும் ஜி லென்ஸைத்தான் வாங்க வேண்டும்.

வாலிபால் மாதிரி தூரத்தில் நின்று எடுக்கிற ஆட்டம் என்றால் 85 எஃப் 1.8, இல்லாவிட்டால் 70-200 எஃப் 2.8. இரண்டாவதை விலைக்கு வாங்குவது என்றால் லட்சக் கணக்கு, அதனால் வாடகைக்கு எடுப்பதே புத்தி. நான் எடுத்த கடையில் ஒரு நாளைக்கு 1,500 ரூபாய், 10,000 ரூபாய் முன்பணம், ஆதார் நகல், கூடவே அசல் அடையாள அட்டை ஒன்று. ஓட்டுநர் உரிமத்தைக் கொடுத்துவிட்டு ராத்திரி பைக்கில் ஊர் திரும்பிய அறிவாளி நான். நீங்கள் வாக்காளர் அட்டையைக் கொடுங்கள்.

வாடகையில் கவனிக்க வேண்டியது இரண்டு. லென்ஸைக் கையில் வாங்கியதும், கடைக்காரர் முன்னாலேயே, முன்கண்ணாடி, பின்கண்ணாடி, மவுண்ட் மூன்றையும் போனில் படம் எடுத்து அவருக்கே வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிடுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது "இந்தக் கீறல் இல்லையே" என்று ஒரு கடையில் என்னிடம் 800 ரூபாய் பிடித்தார்கள். அப்புறம், ஒரு நாள் என்றால் 24 மணி நேரமா, கடை மூடும் நேரம் வரையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் எடுத்தால் போட்டி முடிய ஞாயிறு விடிந்துவிடும், ஞாயிறு கடை விடுமுறை, திங்கள் கொடுத்தால் இரண்டு நாள் வாடகை கேட்பார்கள்.

3. விளக்கு போட்டதும் போய் நில்லுங்கள்

நோட்டீஸில் 6 மணி என்று போட்டிருந்தால் முதல் ஆட்டம் தொடங்க 8 ஆகும், அது ஊருக்கே தெரியும். ஆனால் விளக்கு ஆறரைக்கே போட்டுவிடுவார்கள். நடுவில் சிறப்பு விருந்தினர்கள் பேசுவார்கள், பொன்னாடை போர்த்துவார்கள். அந்த ஒன்றரை மணி நேரம் உங்களுடையது.

முதலில் விழாக் குழுவில் ஒருவரைப் பிடித்துச் சொல்லிவிடுங்கள், "படம் எடுக்க வந்திருக்கேன், கோட்டுக்கு வெளியே உட்கார்ந்துக்கறேன், பிளாஷ் போட மாட்டேன்" என்று. கடைசி வாக்கியம் முக்கியம். பாடி வருகிறவர் கண்ணில் பிளாஷ் அடித்தால் என்ன நடக்கும் என்று நடுவர் உங்களுக்கு மைக்கிலேயே விளக்குவார். மாவட்ட, மாநில அளவுப் போட்டி என்றால் இப்படி வாய்வார்த்தையில் நடக்காது, முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்கிவிடுங்கள்.

அடுத்து, களத்துக்கு வெளியே நான்கு மூலையிலும் நின்று உங்கள் உள்ளங்கையை முகம் இருக்கும் உயரத்தில் பிடித்து ஒரு படம் எடுங்கள். ஒரே ஷட்டர், ஒரே துவாரம், ஒரே ஐஎஸ்ஓ. கண்ணுக்கு எல்லா மூலையும் ஒன்று போலத்தான் தெரியும், கேமராவுக்குத் தெரியாது. ஒரு கம்பத்தில் நான்கு போகஸ் லைட் எரியும், இன்னொன்றில் ஒன்று அணைந்து கிடக்கும். ஒரு மூலைக்கும் இன்னொன்றுக்கும் இரண்டு மடங்கு, சமயத்தில் மூன்று மடங்கு கூட வெளிச்ச வித்தியாசம் பார்த்திருக்கிறேன். விளக்கு உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து ஆட்டக்காரர் முகத்தில் விழுகிற மூலையைப் பிடியுங்கள். பாடி வருகிறவர் குனிந்துதான் வருவார், உச்சியிலிருந்து மட்டும் வெளிச்சம் வந்தால் கண்குழியில் நிழல் கட்டிவிடும். நாய்ஸ் முதலில் குடியேறுவது அந்த நிழலில்தான்.

மூலையில் உட்கார இன்னொரு காரணமும் உண்டு. நடுவில் உட்கார்ந்தால் பிடிக்க நிற்பவர்களின் முதுகைத்தான் எடுப்பீர்கள்.

4. கேமராவில் என்னென்ன மாற்ற வேண்டும்

இதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள், அங்கே கூட்டத்தில் மெனுவைத் துழாவ முடியாது.

ரா-வில் எடுங்கள், சென்சார் பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைக்கும் கோப்பு அது. 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா படம் 25, 30 எம்பி வரும். ஆயிரம் படத்துக்கு 30 ஜிபி ஆகிவிடும், அதனால் 64 ஜிபி கார்டு ஒன்றும் கையில் இன்னொன்றும் வேண்டும்.

முறை: மேனுவல். ஷட்டர் 1/640. துவாரம் எஃப் 2. லென்ஸ் 1.8 வரை திறக்கும் என்றாலும் துளி மூடி வைத்தால் கூர்மை கொஞ்சம் கூடுகிறது, 50 எம்எம்மில் ஐந்தாறு மீட்டர் தூரத்துக்கு எஃப் 2 என்றால் சுமார் ஒரு மீட்டர் ஆழம் தெளிவாக நிற்கும். ஐஎஸ்ஓ 3200 முதல் 6400. நான் போன கிராமத்து மைதானங்களில் பெரும்பாலும் இதற்குள் முடிந்துவிட்டது. இதே இடத்தில் 5.6 லென்ஸை வைத்திருந்தால் 25600 முதல் 51200 வரை கேட்டிருக்கும்.

ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விடலாமா என்று கேட்பீர்கள். விடாதீர்கள். பின்னால் கறுப்பு வானம் வந்தால் கேமரா பயந்துபோய் ஏற்றிவிடும், வெள்ளை ஜெர்சி சுண்ணாம்பு அடித்த சுவராகிவிடும். அடுத்த படத்தில் போகஸ் லைட் ஒன்று சட்டகத்துக்குள் வந்தால் இறக்கிவிடும், முகம் இருண்டுவிடும். மின்னொளி ராத்திரி முழுக்க மாறாது, ஒரு முறை கணக்குப் பார்த்துப் பூட்டிவிட்டால் விடியும் வரை அதேதான்.

எப்படிப் பூட்டுவது? முதல் ஆட்டத்தின் முதல் ரெய்டில் நாலு படம் எடுத்து ஹிஸ்டோகிராமைப் பாருங்கள், படத்தின் இருட்டு இடது பக்கமும் வெளிச்சம் வலது பக்கமுமாகக் காட்டுகிற வரைபடம் அது. திரையை நம்பாதீர்கள், இருட்டில் அது எப்போதும் பிரகாசமாகத்தான் தெரியும், நான் ஏமாந்தது அங்கேதான். வெள்ளை ஜெர்சியும் நெற்றி வியர்வையின் மினுக்கும் வலது ஓரத்தை முட்டாமல் எவ்வளவு பக்கத்தில் வருமோ அவ்வளவு வரட்டும். தோல் நிறம் இடது பாதியில் குவிந்து கிடந்தால் இன்னும் வெளிச்சம் வேண்டும் என்று அர்த்தம்.

போகஸ், நகர்கிற ஆளை விடாமல் பின்தொடரும் தொடர் முறையில். லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷன் என்று ஒன்று மெனுவில் இருக்கும், பெயரைப் பார்த்து அதைப் போட்டு வைக்கிறார்கள். அது ஷட்டரை ஒரு நொடியோ அதற்கு மேலோ திறந்து வைக்கிற படங்களுக்கு, நமக்கு அதில் ஒன்றும் இல்லை. ஹை ஐஎஸ்ஓ நாய்ஸ் ரிடக்ஷன் என்பது ஜேபெக்கை மட்டும்தான் தொடும், ரா எடுக்கிறவர்கள் கண்டுகொள்ள வேண்டாம்.

மிரர்லெஸ் வைத்திருப்பவர்கள் எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்துவிட்டு மெக்கானிக்கலுக்கு வாருங்கள். எல்இடி விளக்கின் கீழ் எலக்ட்ரானிக் ஷட்டர் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு போடும், எந்த மென்பொருளாலும் அதைச் சுலபமாக எடுக்க முடியாது.

5. விளக்கு துடிக்கிறதா என்று பாருங்கள்

இது எனக்குத் தெரியாமலேயே நாலு போட்டி போய்விட்டது. தொடர்ச்சியாக எடுத்த ஐந்து படத்தில் இரண்டு பளிச்சென்றும் மூன்று மங்கலாகவும் வரும், ஒன்றில் மஞ்சள் தட்டும். கேமராவில் கோளாறு என்று நினைத்தேன். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் சில வகை விளக்குகள் நொடிக்கு 100 தடவை கூடிக் குறைகின்றன. கண்ணுக்குத் தெரியாது, 1/640-க்குத் தெரியும். துடிப்பின் அடிவாரத்தில் விழுந்த படத்தை வீட்டில் ஏற்றினால் நாய்ஸும் சேர்ந்து ஏறிவிடுகிறது.

சோதிப்பது சுலபம். அசையாத பேனர் ஒன்றைப் பார்த்து பத்துப் படம் தொடர்ந்து எடுங்கள். எல்லாம் ஒரே வெளிச்சமாக வந்தால் கவலையை விடுங்கள். மாறி மாறி வந்தால் மெனுவில் ஆன்டி-பிளிக்கர் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் கேமராவே துடிப்பின் உச்சியைப் பார்த்து ஷட்டரைத் திறக்கும். கேனான் 7டி மார்க் 2-இல் 2014-இலேயே வந்த வசதி, அதற்குப் பின் வந்த பல கேமராக்களில் உண்டு. இல்லாதவர்கள் ஒரு ரெய்டின் முக்கியமான கணத்துக்கு மூன்று நாலு படமாக எடுத்து, பளிச்சென்று விழுந்ததை வைத்துக்கொள்ள வேண்டியதுதான். பத்துப் பதினைந்தாக அடித்துத் தள்ளாதீர்கள், ஆரம்பநிலைக் கேமராக்களில் பஃபர் (படங்களைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகம்) நிரம்பி, சரியாகப் பிடி விழுகிற நேரத்தில் கேமரா விறைத்துப்போய் நிற்கும்.

6. ஆட்டம் தெரிந்தால் ஐஎஸ்ஓ குறையும்

விளையாட்டுக்கில்லை, நிஜமாகவே. 30 நொடி ரெய்டில் எல்லா நொடியும் ஒரே வேகம் இல்லை. போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டும்போது 1/640 கூடப் போதாமல் போகலாம். ஆனால் நாலு பேர் தலைக்கு மேல் தாவுகிறவர் உச்சியில் ஒரு கணம் தொங்குவார், அங்கே 1/400 போதும். அதைவிட எனக்குப் பிடித்தது, கணுக்காலைப் பிடித்து இழுத்து வைத்திருக்கிறார்கள், அவர் நடுக்கோட்டுக்குக் கையை நீட்டுகிறார், விரல் நுனிக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒரு ஜாண் இருக்கிறது, மூச்சு விடாமல் "கபடி கபடி" என்று வாய் மட்டும் அசைகிறது. உடல் மொத்தமும் இழுவையில் கட்டுண்டு நிற்கும் அந்த நேரத்தில் 1/320-இல் எடுத்தால் கூட முகம் கூர்மையாக விழும், வெளிச்சம் இரண்டு மடங்கு கிடைக்கும். வெளிச்சம் ரொம்பக் குறைவான மைதானத்தில் நான் 1/320-க்கு இறங்கிவிட்டு, இந்த மாதிரிக் கணங்களுக்காக மட்டும் காத்திருப்பேன். ஓட்டப் படங்கள் போனால் போகட்டும்.

அரை இறுதி, இறுதி எல்லாம் விடியற்காலை மூன்று நாலு மணிக்குத்தான் வரும். தை மாசியில் அந்நேரம் பனி கொட்டும், முன்கண்ணாடியில் ஈரம் படரும், படம் புகைமூட்டமாக வரும். அதைக் கணினியில் தெளிவாக்கக் கான்ட்ராஸ்ட் ஏற்றினால் அடங்கிக் கிடந்த நாய்ஸ் எல்லாம் எழுந்து உட்காரும். ஹூட் போடுங்கள், அரைமணிக்கொரு தரம் துடையுங்கள். பேட்டரி இரண்டு.

7. கணினியில்: முதலில் கழியுங்கள், பிறகு கழுவுங்கள்

ஆயிரம் படத்துக்கும் நாய்ஸ் எடுக்க உட்கார்ந்தால் அடுத்த பொங்கல் வந்துவிடும். முதல் சுற்றில் போகஸ் தப்பியதைத் தூக்குங்கள், இரண்டாம் சுற்றில் முகம் தெரியாதது. எனக்கு 900-இலிருந்து அறுபது நிற்கும், அதில் நாய்ஸ் எடுக்க வேண்டியது இருபத்தைந்துதான்.

நாய்ஸ் இரண்டு வகை. நிறப் பொட்டுகள் ஒன்று, மணல் மாதிரிப் பொரிப்பொரியாகத் தெரிவது இன்னொன்று. நிறப் பொட்டை ஈவிரக்கம் இல்லாமல் எடுக்கலாம், கண்ணை உறுத்துவது அதுதான். லைட்ரூமில் ரா படத்துக்கு அது ஏற்கெனவே 25-இல் நிற்கும், தேவைப்பட்டால் 40 வரை ஏற்றுங்கள். மணலை மொத்தமாகத் துடைத்தால்தான் வினை. முழங்காலில் ஒட்டிய செம்மண், தோளில் வியர்வைத் துளி, மீசை முடி எல்லாம் கூடவே போய், ஆட்டக்காரர் ஜவுளிக்கடைப் பொம்மை ஆகிவிடுவார்.

2023-இல் லைட்ரூமில் ஏஐ டீநாய்ஸ் வந்தது, நிஜமாகவே நன்றாக வேலை செய்கிறது. அளவு 50-இல் இருக்கும். நான் 30, 35-க்கு இறக்கிக்கொள்வேன். மற்றத் திருத்தங்களுக்கு முன்னால், முதல் வேலையாக இதைச் செய்துவிடுங்கள். கிராபிக்ஸ் கார்டு இல்லாத என் மடிக்கணினியில் ஒரு படத்துக்கு ஆறேழு நிமிடம் ஆகிறது, இருபத்தைந்து படத்துக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல். ராத்திரி ஓடவிட்டுத் தூங்கிவிடுவேன். டிஎக்ஸ்ஓ ப்யூர்ரா, டோபாஸ் எல்லாம் இதே வேலைக்குக் காசு கொடுத்து வாங்குகிறவை. காசு செலவழிக்க மனமில்லையா, டார்க்டேபிள் இலவசம். அதில் புரொஃபைல்டு டீநாய்ஸ் என்ற பகுதி உங்கள் கேமராவுக்கு, அந்த ஐஎஸ்ஓவுக்கு எவ்வளவு நாய்ஸ் வரும் என்ற அளவை முன்பே வைத்துக்கொண்டு வேலை செய்கிறது, திறந்து விட்டாலே பாதி சரியாகிவிடும். ஏஐ அளவுக்கு வராது, ஆனால் 6400-க்கு எனக்கு அது போதுமானதாகவே இருந்தது.

ஷார்ப்னிங்கை, அதாவது கூர்மை ஏற்றுவதை, நாய்ஸ் எடுத்த பிறகு செய்யுங்கள். அதிலும் மாஸ்கிங் என்ற பட்டையை ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு நகர்த்தினால் திரை கறுப்பு வெள்ளையாகும், வெள்ளையாகத் தெரிகிற இடம் மட்டும்தான் கூர்மையாகும். முகத்தின் ஓரம், ஜெர்சி எண், விரல்கள் மட்டும் வெள்ளையாக நிற்கும் வரை தள்ளுங்கள். இல்லாவிட்டால் இரண்டரை மணி நேரம் எடுத்த நாய்ஸை வானத்தில் திரும்ப வரைந்து வைப்பீர்கள்.

8. எந்த அளவில் கொடுப்பது

படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி அழுகிற வியாதி எனக்கு ரொம்ப நாள் இருந்தது. 6000 பிக்சல் அகலப் படத்தை 2000-க்குச் சுருக்கினால் ஒன்பது பிக்சல் சேர்ந்து ஒன்றாகிறது, நாய்ஸ் மூன்றில் ஒரு பங்காகிவிடும். வாட்ஸ்ஆப்புக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் அதுவே தாராளம். சுருக்கிப் பார்த்துவிட்டு, அப்புறமும் உறுத்தினால் மட்டும் நாய்ஸ் பக்கம் போங்கள்.

முதல் போட்டியில் தேறிய அந்த நாலில் ஒன்றைக் குழுவினர் வெற்றி பேனருக்குக் கேட்டார்கள். வெட்கப்பட்டுக்கொண்டே பென் டிரைவைக் கொண்டுபோய் பிளெக்ஸ் கடையில் கொடுத்தேன். கடையிலிருந்த பையன் பொட்டையும் மணலையும் பார்க்கவே இல்லை. "அண்ணே, பத்தடி பிளெக்ஸ்ல இந்தப் புள்ளி எல்லாம் யாருக்குத் தெரியப் போகுது? மூஞ்சி இருட்டா இருக்கு பாருங்க, பிரிண்ட்ல இன்னும் இருட்டடிக்கும், அதை ஏத்திக் குடுங்க" என்றான். அவன் சொன்னது சரி. அச்சுக்குக் கொடுக்கிற படத்தை உங்கள் திரையில் சரியாகத் தெரிவதைவிட அரை ஸ்டாப் கூட்டி, சுருக்காமல், முழு அளவில் கொடுங்கள். போனுக்குக் கொடுப்பது தனிக் கோப்பாக இருக்கட்டும், இரண்டையும் ஒரே போல்டரில் போட்டுவிட்டு, சின்னதை பிளெக்ஸுக்கு அனுப்பிய கதையும் என்னிடம் இருக்கிறது.